லர்ச்சர் நாயும் லைட்டும்: இங்கிலாந்துல ராத்திரி முயல் பிடிக்கிறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் கோவில்பட்டி பக்கத்து ஆளு, கரிசக்காட்டுல வளந்தவன், இப்ப பதினோரு வருஷமா வடக்கு யார்க்‌ஷயர்ல இருக்கேன். வீட்டுல கருப்பின்னு ஒரு லர்ச்சர் இருக்கு, அத கூட்டிட்டு ராத்திரில லைட் அடிச்சு முயல் பிடிக்கப் போவேன், இங்க அதுக்கு லாம்பிங்னு பேரு. இத சொன்ன உடனே ஊர்ல இருந்தும் இங்க இருக்க நம்மாளுங்க கிட்ட இருந்தும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன். எனக்கு இத சொல்லிக் குடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், நாப்பது வருஷம் லர்ச்சர் வச்சிருந்தவர், கீழ இருக்கறதுல பாதி அவர் கிட்ட கத்துக்கிட்டது, மீதி கருப்பி கிட்ட.

கே: லர்ச்சர்னா என்ன ஜாதி நாய்?

தனி ஜாதி இல்ல, கலப்பு நாய். கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, டீர்ஹவுண்ட் மாதிரி கண்ணால பாத்து ஓடிப் பிடிக்கிற நாய, வேலை செய்யிற வேற ஒரு நாயோட, அதாவது கோலி மாதிரி ஆட்டு நாயோடயோ பெட்லிங்டன் மாதிரி டெரியர்னு சொல்ற சின்ன வேட்டை நாயோடயோ சேத்து எடுக்குறது. ரெண்டு பக்கமும் ஓட்ட நாயாவே இருந்தா அத லாங்டாக்னு சொல்லுவாங்க. ஏன் கலக்குறாங்கன்னா, சுத்தமான கிரேஹவுண்டுக்கு வேகம் இருக்கு, ஆனா தோல் ரொம்ப மெலிசு, பாதம் சீக்கிரம் அடிபடும், ரெண்டு மூணு ஓட்டத்துல களைச்சிடும், கூப்ட்டா திரும்பி வர்ற பழக்கமும் கம்மி. கோலி ரத்தம் சேந்தா சொல்பேச்சு கேக்கும், தாக்குப் பிடிக்கும். பெட்லிங்டன் சேந்தா முடி கொஞ்சம் முரடா வரும், குளிர் மழைக்கு அசராது, முள்ளுக்குள்ளயும் தலைய விடும். கருப்பியோட அம்மா விப்பெட், அப்பா பெட்லிங்டன், இருபது இஞ்ச் உசரம், பதிமூணு கிலோ, பாத்தா யாரும் வேட்டை நாய்னு சொல்ல மாட்டாங்க, ஏதோ சாம்பல் கலர் பழைய கம்பளித் துண்டு மாதிரி இருக்கும்.

கே: நம்ம சிப்பிப்பாறை, கன்னி மாதிரிதானா?

ஓட்டத்துல ஆமா. கண்ணால பாத்து ஓடுற நாய்ங்க எல்லாத்துக்கும் அந்த நீள மூஞ்சி, ஒட்டுன வயிறு, ஆழமான நெஞ்சு ஒண்ணுதான், முக்கியமா சலூக்கிய பாத்தா சிப்பிப்பாறை ஞாபகம்தான் எனக்கு வரும், எங்க தாத்தா வீட்டுத் திண்ணைல படுத்துக் கிடந்த கன்னிநாய் ஞாபகமும் வரும். ஆனா வேலை வேற. நம்ம கரிசல்ல கண்ணுக்கெட்டுன தூரம் வெட்டவெளி, நாய் நேரா நீட்டி ஓடலாம். இங்க வயல் சின்னது, நாலு பக்கமும் உயிர்வேலி இல்ல கல் சுவரு, முயல் நூறு கஜம் ஓடுனா வளைக்குள்ள போயிடும். அதனால இங்க உச்ச வேகத்த விட சட்டுனு கிளம்புறது, சட்டுனு திரும்புறது, நிறுத்துறது, இதுதான் பெருசு. இன்னொண்ணு, இங்க லர்ச்சர் பிடிச்ச முயல கடிச்சுக் குதறாம உசுரோட வாயில கவ்விக் கொண்டாந்து கையில குடுக்கணும், அதுக்குப் பேர்தான் வேலை தெரிஞ்ச நாய்.

கே: அப்ப ஊர்லயும் இப்படி போலாமா அண்ணே?

கூடாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல நம்ம காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட உயிர், நாய விட்டுப் பிடிச்சாலும் கண்ணி வச்சாலும் கேசுதான், அபராதத்தோட நிக்காது, ஜெயிலும் உண்டு. திருவிழா நாள்ல எல்லாரும் போறாங்க, எங்க தாத்தா காலத்துல போனாங்கன்னு சொல்றது எல்லாம் ரேஞ்சர் முன்னாடி நிக்காது. இந்தப் பக்கம் முழுக்க இங்கிலாந்துல நடக்குறத பத்தி மட்டும்தான், தயவு செஞ்சு இத படிச்சிட்டு ஊர்ல யாரும் பேட்டரி லைட்ட தூக்கிட்டு கிளம்பாதீங்க.

கே: முயல்னா முயல்தானே, எதுக்கு ரேபிட் ஹேர்னு பிரிச்சுப் பேசுறீங்க?

இதுதான் நம்மாளுங்க இங்க வந்து மாட்டிக்கிற இடம், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். தமிழ்ல ரெண்டுக்கும் முயல்னு ஒரே பேரு, நம்ம ஊர்ல காட்டுல ஓடுறது ஹேர் வகைதான், கூண்டுல வளக்குற வெள்ளை முயல்தான் ரேபிட். இங்க ரெண்டுமே காட்டுல இருக்கு, சட்டத்துல ரெண்டுக்கும் நடுவுல ஜெயில் கதவு இருக்கு.

ரேபிட் சின்னது, ஒண்ணரை ரெண்டு கிலோ இருக்கும், கூட்டமா வளை தோண்டி இருக்கும், பயந்தா வளைய பாத்து ஓடும். ஹேர் அதுல ரெண்டு மடங்கு, மூணு நாலு கிலோ, காது நீளமா நுனி கருப்பா இருக்கும், பின்னங்கால் நீளம், வளையே கிடையாது, வெறும் வயல்ல ஒரு பள்ளம் பண்ணி படுத்துக்கும், பயந்தா வேலிய தேடாது, நடு வயல்லயே வட்டம் அடிச்சு மைல் கணக்கா ஓடும். லைட்ல தூரத்துல இருந்து பாத்தாலும் எந்திரிச்சு உக்காரும்போது அந்த காது காட்டிக் குடுத்துடும். சந்தேகமா இருந்தா நாய விடக் கூடாது. லைட்ட அணைச்சிட்டு அடுத்த வயலுக்குப் போயிடணும்.

இந்தப் பக்கத்துல இனிமே முயல்னு சொன்னா ரேபிட்டத்தான் சொல்றேன்.

கே: சட்டம் சரியா என்ன சொல்லுது?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2004-ல வந்த ஹன்டிங் ஆக்ட், 2005 பிப்ரவரி 18-ல இருந்து நடைமுறைல இருக்கு. நாய வச்சு நரி, மான், ஹேர் எதையும் துரத்தி வேட்டையாடக் கூடாது. ரேபிட்டுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு, அதுவும் நிலம் உங்களோடதா இருக்கணும், இல்ல நிலத்துக்காரரோ அதுல பயிர் பண்றவரோ இதுக்குன்னே அனுமதி குடுத்திருக்கணும். லங்காஷயர்ல கிரேட் ஆல்ட்கார்னு ஒரு இடத்துல 1836-ல இருந்து நடந்துட்டிருந்த வாட்டர்லூ கப்னு, நாய்ங்கள ஹேர் பின்னாடி விடுற பெரிய பந்தயம் கூட 2005-லதான் கடைசியா நடந்துச்சு.

அனுமதி இல்லாம ராத்திரில போனா அது திருட்டு வேட்டை, அதுக்கு 1828-ல போட்ட சட்டம் இன்னும் உசுரோட இருக்கு, சூரியன் மறைஞ்சு ஒரு மணி நேரத்துல இருந்து உதிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்ன வரைக்கும் ராத்திரின்னு அதுல கணக்கு. 2022-ல இன்னும் இறுக்கிட்டாங்க: ஹேர துரத்துற எண்ணத்தோட நாயோட அடுத்தவன் நிலத்துல நுழைஞ்சாலே குத்தம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், அபராதத்துக்கு உச்சவரம்பு இல்ல, நாய பறிமுதல் பண்ணி அத வச்சுப் பாத்துக்கிட்ட செலவையும் உங்க கிட்டயே வாங்கலாம், இனிமே நாயே வளக்கக் கூடாதுன்னும் கோர்ட் சொல்லலாம். லிங்கன்ஷயர் மாதிரி தட்டையான ஊர்கள்ல பந்தயம் கட்டி ஹேர் துரத்துற கும்பல்களால விவசாயிங்க பட்ட பாடு அப்படி, வேலிய உடைச்சு முளைச்ச கோதுமை மேலயே வண்டிய ஓட்டிட்டுப் போவாங்க, கேட்டா அடிக்க வருவாங்க. அவங்களால லர்ச்சர் கட்டி நடக்குற எல்லாரையும் போலீஸ் ஒரு மாதிரி பாக்குது, நான் அதுக்கு போலீஸ குத்தம் சொல்ல மாட்டேன்.

ஸ்காட்லாந்துக்கு சட்டம் தனி, 2023-ல அங்க புதுசா போட்டாங்க, இங்க நான் சொல்றத அங்க பொருத்திப் பாக்காதீங்க.

கே: பெர்மிஷன் எப்படி வாங்குறது? நம்ம கலருக்கு குடுப்பாங்களா?

குடுத்தாங்க. நேர்ல போகணும், பகல்ல போகணும், நாய கூட்டிட்டுப் போய் காட்டணும். நான் முதல்ல கேட்டது மூணு பண்ணை, ரெண்டு பேரு வேணாம்னாங்க, மூணாவது பண்ணைக்காரம்மா கருப்பிய அவங்க ஆட்டுக் கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க, கருப்பி ஆடுங்கள திரும்பிக் கூட பாக்காம என் கால் கிட்டயே நின்னுச்சு, அதுல முடிஞ்சுது விஷயம். எழுத்துல ஒரு துண்டுச் சீட்டு வாங்கி வண்டில வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவை போறதுக்கு முன்னாடியும் எந்த வயல்ல இருப்பேன்னு மெசேஜ் போடுறேன், இல்லன்னா ராத்திரி பதினோரு மணிக்கு வயல்ல லைட் ஆடுறத பாத்தா யாருன்னாலும் போலீஸுக்குத்தான் போன் போடுவாங்க. திறந்த கேட்ட திறந்தபடி, மூடுன கேட்ட மூடுனபடி விட்டுட்டு வரணும். கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா முறுக்கு குடுத்தேன், இப்ப பக்கத்துப் பண்ணைக்கும் அவங்களே சொல்லி விட்டிருக்காங்க.

அவங்களுக்கும் இதுல தேவை இருக்கு. முயல் வேலியோரத்துல இருந்து பயிர மேஞ்சுக்கிட்டே உள்ள வரும், மேட்டுக்கு அடில வளைய தோண்டி மண்ண சரிச்சுடும், மாடு கால விட்டு ஒடிச்சுக்கும். 1954-ல போட்ட பெஸ்ட்ஸ் ஆக்ட், அதாவது பயிர நாசம் பண்ற உசுருங்களுக்கான சட்டப்படி இங்கிலாந்து வேல்ஸ் பூரா முயல கட்டுக்குள்ள வைக்கிறது நிலத்துல இருக்கவங்க கடமை, லண்டன் சிட்டி, சில்லி தீவுகள், ஸ்கோக்கம் தீவு இந்த மூணு இடம் மட்டும்தான் விலக்கு. அதுக்கு முந்தின வருஷம், 1953-ல, மிக்சோமடோசிஸ்னு ஒரு நோய் கென்ட் பக்கம் வந்து நாட்டுல இருந்த முயல்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுக்கும் மேல கொன்னுடுச்சு. பெரியவர் அப்ப சின்னப் பையன், ரோட்டோரம் முழுக்க கண்ணு வீங்கி குருடாகி உக்காந்திருந்த முயல்கள பள்ளிக்கூடம் போற வழில பாத்தத இன்னைக்கும் சொல்லுவார்.

கே: ஏன் ராத்திரி? பகல்ல முடியாதா?

பகல்ல முயல் வளை வாசல்லயேதான் மேயும், நாய் ரெண்டு எட்டு வைக்கிறதுக்குள்ள உள்ள போயிடும். இருட்டுனா தைரியம் வந்து நடு வயல் வரைக்கும் வரும். லைட் மேல பட்டா சிலது ஓடும், சிலது தரையோட தரையா அமுங்கி உக்காந்துக்கும், இருட்டுல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு அதுக்குத் தெரியாது. இவ்ளோதான் சூட்சுமம்.

கே: எந்த ராத்திரி நல்லது?

நிலா இல்லாத, காத்து நல்லா அடிக்கிற, லேசா தூறல் போடுற ராத்திரி. நிலா வெளிச்சத்துல முயல் உங்கள தூரத்துலயே பாத்துடும். காத்து இல்லன்னா பூட்ஸ் சத்தம் அங்க வரைக்கும் கேக்கும். காத்து உங்க மூஞ்சில அடிக்கணும், முதுகுல இல்ல. உறைபனி விழுந்து தரை கல்லு மாதிரி ஆயிட்ட ராத்திரில நான் போறதே இல்ல, நாயோட விரலும் மணிக்கட்டும் போயிடும். அடர்ந்த மூடுபனில லைட் சுவரு மாதிரி திரும்பி உங்க கண்ணுலயே அடிக்கும், அதுவும் வேண்டாம்.

செப்டம்பர் கடைசில அறுப்பு முடிஞ்ச தாளுல ஆரம்பிச்சு பிப்ரவரியோட நான் நிறுத்திடுவேன், அதுக்கு மேல தாய் முயலுங்க குட்டியோட இருக்கும், வளைக்குள்ள கண்ணு திறக்காத குட்டிங்கள பட்டினில சாக விட எனக்கு மனசு வராது.

கே: என்ன லைட் வாங்கணும்? எவ்ளோ பவர்?

பெரியவர் காலத்துல மோட்டார் பைக் பேட்டரிய பைல போட்டு தோள்ல மாட்டிக்கிட்டு, அதுல இருந்து வயர் இழுத்து கைல லைட். ஆசிட் கசிஞ்சு கோட்டெல்லாம் ஓட்டையா இருக்கும். இப்ப லித்தியம் பேட்டரி, எல்இடி, கைக்குள்ள அடங்குது. ரொம்ப பவர் தேடாதீங்க, நாய் ஓடுறதுக்கு நூறு நூத்தம்பது கஜம் தெரிஞ்சா போதும், அதுக்கு மேல இருக்க முயலுக்கு நாய விடுறதே தப்பு. சுவிட்ச் சத்தம் போடாம, கட்டை விரலுக்கு உடனே கிடைக்கிற மாதிரி இருக்கணும், ஏன்னா இந்த வேலைல லைட்ட போடுறத விட அணைக்கிறதுதான் அடிக்கடி. பைல இன்னொரு சின்ன டார்ச் கண்டிப்பா, அது நாய்க்கு அடிபட்டா பாக்குறதுக்கு.

கே: கண்ணு பளபளக்குறத வச்சு எது என்னன்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. ஆடு, நரி, பூனை, நாய் இதுக்கெல்லாம் கண்ணுக்குள்ள பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, அதான் லைட் பட்டா பச்சையாவோ வெள்ளையாவோ பளீர்னு அடிக்கும். முயலுக்கு அந்தப் படலம் கிடையாது, மங்கலா செவப்பு மட்டும் தெரியும், பக்கவாட்டுல ஒத்தக் கண்ணு தெரியும். வரிசையா பச்சைப் புள்ளியா உசரத்துல தெரிஞ்சா ஆட்டுமந்தை, அந்த வயல விட்டுடுங்க. ஆனா கண்ண மட்டும் நம்பி நாய விடாதீங்க, முழு உருவம் தெரியணும். ராத்திரி சுத்துற வீட்டுப் பூனை ஒண்ண லர்ச்சர் கொன்னுட்டா அந்தக் குடும்பத்துக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க.

கே: ஒரு ஓட்டம் எப்படி நடக்கும்? படிக்கிறவங்களுக்கு கண்ணுல தெரியுற மாதிரி சொல்லுங்க.

போன நவம்பர்ல ஒரு ராத்திரி சொல்றேன். மேற்குக் காத்து, சொத சொதன்னு ஈரம். கேட்ட தாண்டி நாப்பது அடி இருட்டுலயே நடந்தோம், லைட் போடல, கருப்பி கழுத்துல ஸ்லிப்னு சொல்ற கயிறு, ஒரு முனைய விட்டா உருவிக்கிட்டு நாய் போயிடும், முடிச்சு கொக்கி எதுவும் கிடையாது. முயலுக்கும் உயிர்வேலிக்கும் நடுவுல நாம போய்ச் சேரணும், அதான் வேலியோரமாவே நடந்தோம். லைட்ட ஒரு தடவை இடது பக்கம் இருந்து வலது பக்கம் வீசுனேன், எழுபது கஜத்துல ஒண்ணு உக்காந்திருந்துச்சு, காத மடக்கி முதுகோட ஒட்டி, மண்ணாங்கட்டி மாதிரி. கருப்பி பாத்துட்டா, சத்தம் இல்ல, கயித்து வழியா அவ உடம்பு நடுங்குறது என் விரல்ல தெரிஞ்சுது. நான் இன்னும் விடல, லைட்ட அணைச்சிட்டு பத்து பதினஞ்சு எட்டு கிட்டப் போனோம், திரும்ப போட்டேன், அங்கயே இருந்துச்சு. விட்டேன்.

விட்ட உடனே நம்ம வேலை லைட்ட முயல் மேலயே வைக்கிறது, நாய் மேல இல்ல, நாய் கண்ணுல படவே கூடாது. முயல் பாதி தூரம் நாய வரவிட்டு சட்டுனு எந்திரிச்சு வேலிய பாத்து ஓடுச்சு, கருப்பி அத எதிர்பாத்த மாதிரி குறுக்க வெட்டுனா, முயல் செங்கோணமா திரும்புச்சு, இவ வழுக்கிப் போய் பத்தடி தாண்டி நின்னு திரும்புனா, ஈரப் புல்லு கொத்தா பறக்குது லைட்டுல. ரெண்டாவது திருப்பத்துல முயல் மெதுவாகுற அந்த ஒரு நொடில குனிஞ்சு வாயில எடுத்துட்டா. எல்லாம் சேந்து பத்து செகண்டு இருக்கும். உடனே லைட்ட என் காலடில தரைக்கு இறக்கிட்டேன், அந்த வெளிச்ச வட்டத்த பாத்து அவ வருவா, வயல்ல லைட்ட ஆட்டிட்டு இருந்தா இன்னொரு முயல பாத்து வாயில இருக்கறத போட்டுட்டுப் போயிடும். வந்து கைல குடுத்தா. வாங்குன அடுத்த செகண்டே கழுத்த இழுத்து முடிச்சுடணும், இத மட்டும் வேலை தெரிஞ்சவர் பக்கத்துல நின்னு கத்துக்காம யாரும் போகாதீங்க. முயல் கைல துடிக்க துடிக்க யோசிச்சிட்டு நிக்கிறவன் இதுக்கு வரவே கூடாது.

கே: முயல் தப்பிச்சிட்டா?

பாதிக்கு மேல தப்பிக்கும். உடனே லைட்ட அணைங்க. வேலில மூக்க நுழைச்சு தேடிக்கிட்டு நிக்கிற பழக்கம் வந்துட்டா நாய் கெட்டுப்போச்சு, லைட் இல்லன்னா வேலை இல்ல, திரும்பி வரணும்னு அதுக்கு முதல் நாள்ல இருந்தே பதியணும். அதே வயலுக்கு வாரா வாரம் போனாலும் தப்பிச்ச முயலெல்லாம் படிச்சிக்கும், லைட் போட்ட உடனே வயலே காலியாகும்.

கே: ஒரு ராத்திரிக்கு எத்தனை ஓட்டம் விடலாம்?

இந்தப் பக்கமே இந்தக் கேள்விக்காகத்தான் எழுதுனேன்னு வச்சுக்கோங்க. நாய் போதும்னு சொல்லாது. லைட் போட்டா ஓடும், காலு கிழிஞ்சிருந்தாலும் ஓடும், மூச்சு வாங்க முடியலன்னாலும் ஓடும், அதோட பிறப்பு அப்படி. லைட் இருக்கறது நம்ம கையில, அதனால போதும்னு சொல்ற பொறுப்பும் நம்மளோடது மட்டும்தான். கருப்பிக்கு நான் ஆறு ஓட்டம், நல்ல உடம்போட இருந்தா எட்டு, அதுக்கு மேல வயல் பூரா முயல் உக்காந்திருந்தாலும் வீட்டுக்குத்தான். பெரியவர் அவரோட கோலி கிரேஹவுண்ட் கலப்பு நாய அதுக்கு மேலயும் ஓட்டியிருக்கார், நாய்க்கு நாய் மாறும். ஆனா கணக்க கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கணும், வயல்ல நின்னு முடிவு பண்ணா ஆசைதான் முடிவு பண்ணும்.

ஓட்டத்துக்கு நடுவுல மூச்சு முழுசா அடங்கணும். முழு வேகத்துல ஓடுன நாயோட உடம்புச் சூடு 41 டிகிரிக்கு மேல போயிடும், சாதாரணமா 38, 39 இருக்க வேண்டியது. அத ஆற விடாம அடுத்தடுத்து விட்டா தசையே சிதைய ஆரம்பிக்கும், முதுகும் தொடையும் கட்டை மாதிரி இறுகிடும், மூத்திரம் காப்பி கலர்ல வரும். அத பாத்தா அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்காம அந்த ராத்திரியே வெட்னரி டாக்டர் கிட்ட தூக்கிட்டு ஓடணும், கிட்னி போயிடும். கிளம்புறதுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடி கொஞ்சமா சாப்பாடு, நிறைஞ்ச வயித்தோட ஓடவே கூடாது, ஆழமான நெஞ்சுக்கார நாய்க்கு வயிறு முறுக்கிக்கிட்டா அதுவும் உசுருக்கு ஆபத்துதான். தண்ணி அப்பப்ப ரெண்டு மடக்கு. வீட்டுக்கு வந்து ஆறுனதுக்கு அப்புறம் நல்ல சாப்பாடு.

கே: அடிபடாதா?

படும். எனக்கு நடந்தத சொல்றேன். ரெண்டாவது சீசன்ல ஒரு புது வயல், பகல்ல போய்ப் பாக்காம நேரா ராத்திரில போனேன், வேலை முடிஞ்சு வந்த அலுப்புல பகல்ல போக சோம்பேறித்தனம். வயலுக்கு நடுவுல பழைய முள்கம்பி ஒண்ணு, ரெண்டு கல்லுக்கால் மட்டும் மிச்சம், கம்பி புல்லோட புல்லா முழங்கால் உசரத்துல தொங்குது. முயல் அடில போயிடுச்சு. கருப்பி முழு வேகத்துல அதுல போனா. ஒரே ஒரு சத்தம்தான் போட்டா, அப்புறம் எந்திரிச்சு என்கிட்ட நடந்து வந்தா, நெஞ்சுல தோல் ஒரு உள்ளங்கை அகலம் முக்கோணமா கிழிஞ்சு தொங்குது, உள்ள தசை ஈரமா மினுங்குது, அவ வால ஆட்டுறா. என் பனியனக் கழட்டி சுத்தி ரெண்டு கிலோமீட்டர் தூக்கிட்டு வந்தேன். இருபத்திரெண்டு தையல், ஆறு வாரம் கயித்துலயே. அன்னைக்கு அழுதேன், அத சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

அதுக்கப்புறம் பகல்ல கால் வச்சு நடந்து பாக்காத வயல்ல நான் லைட் போட்டதில்ல. கம்பி எங்க, கல்லு எங்க, உழவு மிஷினோட உடைஞ்ச துண்டு எங்க, பள்ளம் எங்க, எல்லாம் மனசுல இருக்கணும், கம்பிப் பக்கம் முயல் உக்காந்திருந்தா அத பாத்தும் பாக்காத மாதிரி போயிடணும். வீட்டுக்கு வந்ததும் வெளிச்சத்துல ஒவ்வொரு விரலா பிரிச்சுப் பாக்கணும், விரலுக்கு நடுவுல இருக்க தோல் கிழிஞ்சிருக்கும், நகம் உரிஞ்சிருக்கும். பிளாக்தார்ன்னு ஒரு முள்ளு இருக்கு இங்க வேலி பூரா, அது மூட்டுல ஏறி உடைஞ்சா ரெண்டு நாள்ல சீழ் வச்சிடும்.

கே: குட்டிய எப்ப இருந்து கூட்டிட்டுப் போலாம்?

ஒரு வயசு முடியுற வரைக்கும் ஓட்டமே கூடாது, எலும்போட நுனி அதுவரைக்கும் இறுகாது, பெரிய சைஸ் நாயா இருந்தா பதினஞ்சு பதினாறு மாசம் கூட பொறுங்க. அந்த ஒரு வருஷம் சும்மா இல்ல. கூப்ட்டா வரணும், போட்டத எடுத்துக் கொண்டாந்து கையில குடுக்கணும், கம்பிய தாண்டச் சொன்னா தாண்டணும், முக்கியமா ஆடு, கோழி, மாட்ட திரும்பிப் பாக்கக் கூடாது. இங்க ஆட்ட நாய் துரத்துனா விவசாயிக்கு சில நேரத்துல அத சுடுறதுக்குக் கூட இடம் இருக்கு. முதல் சில ராத்திரி நாய விடாம சும்மா கூட நடத்தி மட்டும் கூட்டிட்டு வாங்க. அப்புறம் கிட்டத்துல உக்காந்திருக்க லேசான முயலா பாத்து ஒண்ணே ஒண்ணு, அது கிடைச்ச உடனே வீடு. அவசரப்பட்டு கஷ்டமான ஓட்டத்துக்கு விட்டு ஏமாந்த குட்டி, ஓடும்போதே கத்த ஆரம்பிக்கும், அந்தப் பழக்கத்த மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

கே: பிடிச்சத என்ன பண்ணுவீங்க?

சாப்பிடுவோம். சூடு ஆறுறதுக்கு முன்னாடி அடிவயித்த அழுத்தி மூத்திரத்த எடுத்துடணும், இல்லன்னா கறி நாறும். அங்கயே குடல எடுத்துட்டு ஈரல பாக்கணும், சுத்தமா கருஞ்செவப்பா இருந்தா நல்லது, வெள்ளைப் புள்ளி இருந்தா நான் எடுக்குறதில்ல. கண்ணு வீங்குன முயலா இருந்தா அத வேதனைல இருந்து விடுவிச்சு புதைக்கிறதோட சரி. கறில கொழுப்பே கிடையாது, அதனால சீக்கிரம் வறண்டுடும், மல்லி மிளகு அரைச்சு நல்லெண்ணெய் கூட ஊத்தி சின்னத் தீல ஒண்ணரை மணி நேரம் வச்சா எலும்புல இருந்து கழண்டு வரும். பெரியவருக்கு ரெண்டு, பண்ணைக்காரம்மாவுக்கு வேணும்னா ஒண்ணு. தலையும் தோள்பட்டையும் பெரியவர் வளக்குற ஃபெரட்டுங்க (கீரி மாதிரி ஒரு பிராணி) கூண்டுக்குப் போகும்.

கே: இது கொடுமை இல்லையா?

நேர்மையா கேக்குறவங்களுக்கு நேர்மையா சொல்றேன். ஒரு உசுரு பயந்து ஓடி சாகுது, அத மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா அந்த முயல் பத்து செகண்டு முன்ன வரைக்கும் வயல்ல சுதந்திரமா மேஞ்சுது, நாய் வாயில வந்ததும் நிமிஷத்துல முடிஞ்சுது, கண்ணிக் கயித்துல மாட்டி விடிய விடிய கிடக்கல, வளைல விஷப்புகை போடல, குண்டு பட்டு காயத்தோட வளைக்குள்ள போய் சாகல. கிடைச்சா செத்துச்சு, தப்பிச்சா முழுசா தப்பிச்சுது. அதுக்கும் மேல ஒத்துக்க முடியலன்னா அது உங்க மனசு, நான் மாத்த வரல. பந்தயத்துக்கும் வீடியோவுக்கும் நாய விடுறவங்களோட என்ன சேக்காதீங்க, அது மட்டும்தான் கேக்குறேன்.

கே: லர்ச்சர் வாங்க ஆசையா இருக்கு, வேட்டைக்கு இல்ல, வீட்டுக்கு. முடியுமா?

தாராளமா. வீட்டுக்குள்ள அத மாதிரி சாதுவான நாய் கிடையாது, நாள்ல முக்காவாசி சோபால தூங்கும். குட்டி தேடாதீங்க, மார்ச் மாசத்துக்கு மேல நாய் காப்பகங்களுக்குப் போய்ப் பாருங்க, கிரேஹவுண்டுக்கும் லர்ச்சருக்கும்னே இங்க காப்பகங்கள் இருக்கு. சீசன் முடிஞ்சதும் ஓட்டம் குறைஞ்ச நாய ரோட்டோரம் அவுத்து விட்டுட்டுப் போற ஆளுங்க இருக்காங்க, அஞ்சு வயசு ஆறு வயசுதான் இருக்கும், காலெல்லாம் பழைய தழும்போட கம்பிக்குப் பின்னாடி நிக்கும். எடுக்கும்போது வீட்டுல பூனை இருக்கான்னு கேப்பாங்க, உண்மைய சொல்லுங்க. ஆறடி வேலி வேணும்.

கே: கருப்பிக்கு இப்ப என்ன வயசு?

ஒம்பது. இந்த சீசன் ரெண்டு ஓட்டம்தான் விடுறேன், அதுவும் கிட்டத்துல, மெத்துனு இருக்க தரைல. கழுத்துல கயிறு மாட்டும்போது நடுங்குறது மட்டும் இன்னும் குறையல. மீதி நேரம் லைட்ட அணைச்சிட்டு ரெண்டு பேரும் வேலியோரமா நடந்துட்டு வந்துடுவோம்.